துணைக்கு இருக்கிறவங்க: வயதான பெண்களின் காதல் ஏன் திரைக்கு வருவதில்லை?

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு போட்டது. 25 வயதுப் பெண் ஒருவரை அவர் வீட்டாரே பிடித்து வைத்திருக்கிறார்கள், விடுவிக்க வேண்டும் என்று கேட்டு வந்தவரும் ஒரு பெண்தான். மனுவில் எதிர்த்தரப்பு வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். புகார் போன காவல் நிலையங்களில் குடியாத்தமும் ஒன்று. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணையே வரவழைத்துக் கேட்டார்கள். தன் துணையோடு போக விரும்புவதாக அவர் சொன்னார், தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று அனுப்பிவைத்தார்கள். காவல்துறை நடந்துகொண்ட விதத்தையும் கண்டித்தார்கள். கூடவே ஒரு விஷயம் சொன்னார்கள்: கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை, இவர்கள் குடும்பமாக வாழலாம்.

இதைப் படித்த பலருக்கும் வரக்கூடிய குழப்பம் ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவருக்குக் கல்யாண உரிமை கிடையாது என்று சொன்னதே, அப்போ இந்தக் 'குடும்பம்' என்பது என்ன? கல்யாணம் இல்லாத குடும்பம் இருபத்தைந்து வயதில் சரி, அறுபத்தைந்து வயதில் அது எப்படி இருக்கும்? அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் நம் மனதில் ஒரு படமும் வருவதில்லை. காரணம், நாம் பார்த்த எந்தத் தமிழ்ப் படத்திலும் அப்படி இரண்டு பேர் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இல்லாமையைப் பற்றியது. வயதான இரண்டு பெண்களின் காதல் திரையில் வராததற்குக் காரணம் கூச்சம் மட்டும் இல்லை. அவர்கள் கதையில் வரும் நெருக்கடி வேறு வகையானது. காதலைச் சொல்வதா வேண்டாமா என்பது அதில் பெரிய விஷயமே இல்லை, வீடு யாருக்கு, ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்களா, கொள்ளி யார் வைப்பது என்பதுதான் அங்கே பிரச்சினை. அதை எடுக்கத் தெரிந்த ஊர்களில் படம் வந்திருக்கிறது. நம்மிடம் இன்னும் வரவில்லை.

முதலில் சொற்கள்

ஒரே பாலினத்தவர் மீது வரும் காதலைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். ஆண்–பெண் என்ற வழக்கமான அச்சுக்குள் அடங்காத எல்லோருக்கும் பொதுவாகப் பால்புதுமையர் என்ற சொல் பழக்கத்துக்கு வந்திருக்கிறது. பத்திரிகைகளும் போலீசும் இழிவான சொற்களைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு, 2022ல் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது.

ஆனால் நம் தெருக்களில் இதற்கெல்லாம் முன்பே ஒரு சொல் இருக்கிறது: துணை. வேலூர்ப் பக்கம் சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டில் இரண்டு வயதான பெண்கள் சேர்ந்து இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "அந்தம்மாவுக்குத் துணைக்கு இருக்காங்க." கல்யாணப் பத்திரிகையில் வாழ்க்கைத் துணை என்று அச்சடிப்பதும் அதே சொல்தான். ராத்திரியில் தனியாகப் படுக்கப் பயந்தால் கூப்பிட்டுக்கொள்ளும் ஆளுக்கும் அதே சொல்தான். இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில்தான் அந்த மாதிரிப் பெண்கள் வாழ்நாள் முழுக்க ஒளிந்துகொண்டு, பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறார்கள். சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களைத் தெரு கவனிக்கும். இரண்டு பெண்களை, அதிலும் ஒருவர் விதவை, ஒருவர் கல்யாணம் ஆகாதவர் என்றால், கவனிக்காது. அந்தக் கவனிப்பின்மை அவர்களை இளமையில் காப்பாற்றுகிறது, முதுமையில் கைவிடுகிறது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

இங்கே 'வயதான' என்று சொல்வது சுமாராக ஐம்பத்தைந்துக்கு மேல். 'காதல் கதை' என்பது அந்த இருவரின் உறவே மையமாக இருக்கும் கதை. ஒரு காட்சியில் வந்து போகும் பாத்திரத்தை இதில் சேர்க்கவில்லை.

தமிழ்ப் படத்தில் இரண்டு பட்டியல்கள்

தமிழ்ப் படத்தில் வயதான பெண் யார்? அம்மா, மாமியார், ஆயா. யாரையாவது பெற்றவளாகவோ வளர்த்தவளாகவோதான் அவள் திரைக்குள் நுழைய முடியும். அவளுக்கென்று ஓர் ஆசை இருந்தால் அது பேரன் பிறப்பதைப் பார்க்கும் ஆசை.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இது கொஞ்சம் அசைந்தது. 2015ல் வந்த 'ஓ காதல் கண்மணி'யில் நினைவு மங்கும் மனைவியையும் அவரைப் பார்த்துக்கொள்ளும் கணவரையும் பார்த்தோம், லீலா சாம்சனும் பிரகாஷ் ராஜும். 2017ல் 'ப. பாண்டி'. 2019ல் 'சில்லுக் கருப்பட்டி'யின் ஒரு பகுதியில் மறுபடியும் லீலா சாம்சன், இந்த முறை முதுமையில் புதிதாக ஒருவரைச் சந்திக்கும் பெண்ணாக. 2020ல் 'புத்தம் புதுக் காலை'யில் சுதா கொங்கராவின் 'இளமை இதோ இதோ', ஜெயராமும் ஊர்வசியும். ஆக வயதான காதல் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எல்லாமே ஆணும் பெண்ணும்.

இன்னொரு பட்டியல் பெண்ணைக் காதலிக்கும் பெண்கள். அது இன்னும் சின்னது. 2020ல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் விக்னேஷ் சிவன் பகுதி. 2025 காதலர் தினத்தன்று தியேட்டருக்கு வந்த 'காதல் என்பது பொதுவுடமை'. இந்த இரண்டாவது படத்தை நான் ரொம்ப மதிக்கிறேன், மகள் தன் காதலியை வீட்டுக்குக் கூட்டிவரும் ஒரு நாளை அது பொறுமையாகக் காட்டுகிறது. ஆனால் அதில் ரோகிணி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அம்மாவாக. மகள் சொல்வதைக் கேட்டு அதிர்ந்து, அழுது, யோசிக்கிறவராக. இந்த மாதிரிக் கதையில் ஐம்பது வயதுப் பெண்ணின் வேலை அதுதான் என்று ஆகிவிட்டது, இளையவர் சொல்வதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பது. அவளுக்கே அப்படி ஒரு காதல் இருந்திருக்கலாம், இப்போதும் இருக்கலாம் என்ற எண்ணம் எழுதுகிறவர் மனதில் வருவதில்லை.

இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

பக்கத்து மொழிகளில்

தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1996ல் எடுக்கப்பட்டது, 1998 நவம்பரில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. டெல்லியில் ஒரு கூட்டுக் குடும்பம், இரண்டு ஓரகத்திகள், ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும். அடுத்த மாதமே மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர்கள் தாக்கப்பட்டு, படம் மறுபடியும் தணிக்கைக்குப் போய், 1999ல் வெட்டு இல்லாமல் திரும்பி வந்தது. இதை வைத்து எல்லோரும் தணிக்கையைப் பற்றித்தான் பேசினார்கள். ஷபானா நடித்த பாத்திரம் இளம்பெண் இல்லை, பல வருடம் கல்யாண வாழ்க்கையைப் பார்த்துவிட்ட நடுவயதுப் பெண் என்பதைப் பேசியவர்கள் குறைவு. கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்கு முன் திறந்த அந்தக் கதவு வழியாக அடுத்து யாரும் பெரிதாக நுழையவில்லை.

நுழைந்த ஒன்று, 2022ல் ஓடிடியில் வந்த 'மஜா மா'. மாதுரி தீட்சித் குடும்பத் தலைவி, மகனுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் அவருடைய உண்மை வெளியே வருகிறது. இவ்வளவு பெரிய நட்சத்திரம் அந்த வயதில் அந்தப் பாத்திரத்தை ஏற்றது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அங்கே காதல் இறந்த காலத்தில் இருக்கிறது. இளமையில் ஒருத்தி இருந்தாள், பிரிந்தார்கள், இப்போது அந்த ரகசியத்தால் மகனின் கல்யாணம் என்ன ஆகும் என்பதுதான் கதை. வயதான பெண்ணுக்குக் காதல் ஒரு நினைவாகத்தான் இருக்க முடியும் என்று படம் எடுத்துக்கொள்கிறது.

ஆண்களுக்கு இப்படி இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015ல் 'அலிகர்', வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட பேராசிரியரின் கதை. 2023ல் 'காதல் – தி கோர்', தேர்தலில் நிற்கும் ஒருவராக மம்முட்டி. இரண்டும் நடுவயது தாண்டிய ஆண்களை மையத்தில் வைத்தவை. ஆணுக்கு வேலை, தேர்தல், ஊரில் பெயர் என்று வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அது ஆபத்தில் மாட்டும்போது கதை தானாக நகர்கிறது. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த இரண்டு பெண்களுக்கு அப்படி ஒரு வெளிச் சம்பவம் வராமலே நாற்பது வருடம் ஓடிவிடும்.

வெளிநாட்டுப் படங்கள் கண்டுபிடித்த கதை

அந்த நாற்பது வருடத்தை எப்படிக் கதையாக்குவது என்று சில படங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. வேறு வேறு நாடு, வேறு வேறு காலம், ஆனால் கதை ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கிறது.

1. 'இஃப் தீஸ் வால்ஸ் குட் டாக் 2', அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம், 2000. முதல் பகுதி 1961ல் நடக்கிறது. சேர்ந்து வாழ்ந்த இரண்டு முதிய பெண்களில் ஒருவர் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். சொந்தக்காரர் இல்லை என்பதால் மற்றவரை உள்ளே விடவில்லை, அவர் வெளியே காத்திருக்கும்போதே உயிர் போய்விடுகிறது. பிறகு இறந்தவரின் அண்ணன் மகனோ தம்பி மகனோ ஆன ஒருவர் வந்து வீட்டை எடுத்துக்கொள்கிறார். வனெஸ்ஸா ரெட்கிரேவ் அதில் துக்கத்தைக்கூட மறைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு உபசாரம் செய்வார். பார்க்கச் சகிக்காத அளவுக்கு உண்மையான நடிப்பு.

2. 'க்ளவுட்பர்ஸ்ட்', கனடா, 2011. பேத்தி ஒருத்தி, கண் தெரியாத பாட்டியிடம் கையெழுத்து வாங்கி முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுகிறாள். பாட்டியின் துணை அவரை அங்கிருந்து கடத்திக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ளக் கனடாவுக்கு வண்டி ஓட்டுகிறார். இதில் சிரிப்பு உண்டு, கெட்ட வார்த்தை உண்டு. அது ரொம்பத் தேவையான ஒன்று.

3. 'டூ ஆஃப் அஸ்', பிரான்ஸ், 2019. நீனாவும் மாதலேனும் எதிரெதிர் ஃபிளாட். உலகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், உண்மையில் ஒரே வீடு. வீட்டை விற்றுவிட்டு ரோமுக்குப் போவதாகத் திட்டம். பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும்போது மாதலேனுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போகிறது. அந்த நிமிடத்திலிருந்து நீனா வெறும் பக்கத்து வீட்டு அம்மா. கதவுக் கண்ணாடித் துளை வழியாக எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ராத்திரி திருட்டுத்தனமாகச் சாவி போட்டு உள்ளே போகிறார்.

4. 'ஆல் ஷால் பீ வெல்', ஹாங்காங், 2024, பெர்லின் விழாவில் பால்புதுமையர் படங்களுக்குத் தரும் டெடி விருது பெற்றது. பாட், ஆஞ்சி இருவரும் அறுபதுகளில் இருப்பவர்கள். பாட் திடீரென்று தூக்கத்தில் இறக்கிறார். உயில் எழுதவில்லை, ஃபிளாட் அவர் பேரில். சட்டப்படி அண்ணன் குடும்பத்துக்குப் போகிறது. சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும் என்பது பாட்டின் ஆசை, குடும்பம் வேறு முடிவு எடுக்கிறது. இந்தப் படத்தின் பெரிய பலம் அந்தக் குடும்பத்தில் கெட்டவர் யாரும் இல்லை என்பது. ஆஞ்சியோடு பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்டவர்கள், பணக் கஷ்டத்தில் இருப்பவர்கள். பாசமும் இருக்கிறது, வீடும் வேண்டும்.

இவற்றோடு 2020ல் வந்த 'எ சீக்ரெட் லவ்' என்ற ஆவணப்படத்தையும் வைத்துக்கொள்ளலாம். 1947ல் சந்தித்த இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவர் தொழில்முறை பேஸ்பால் ஆடியவர், அறுபது வருடத்துக்கு மேல் குடும்பத்தாரிடம் 'சிநேகிதிகள்' என்றே சொல்லி வாழ்ந்தார்கள். அதிலும் இழுபறி எங்கே வருகிறது என்றால், முதுமையில் எங்கே போய் இருப்பது, யார் முடிவெடுப்பது என்பதில்தான்.

ஆக இந்தக் கதைகளில் காதலுக்கு எதிரி வில்லன் இல்லை, ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'உறவு' என்று இருக்கும் கட்டம்.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 2016ல் 'பிளாக் மிரர்' தொடரில் வந்த 'சான் ஹூனிபெரோ' இந்த வகையில் உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்ட கதை, இரண்டு முதிய பெண்களின் காதல். ஆனால் கதையின் பெரும்பகுதியில் நாம் பார்ப்பது அவர்களுடைய இளம் உருவங்களை, கணினிக்குள் இருக்கும் ஓர் உலகத்தில். நம் 'இளமை இதோ இதோ'வும் அதையேதான் செய்தது, ஜெயராமும் ஊர்வசியும் தனியாக இருக்கும்போது அவர்கள் இடத்தில் காளிதாஸும் கல்யாணி பிரியதர்ஷனும் வருவார்கள். மனதளவில் இளமை என்று காட்ட அது அழகான வழி, மறுக்கவில்லை. இருந்தாலும் நரைத்த தலையும் சுருங்கிய கையும் ஒன்றையொன்று ஆசையோடு தொடுவதைக் காட்ட கேமராவுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? ஆண்–பெண்ணுக்கே அந்தத் தயக்கம் என்றால், இரண்டு பெண்களுக்கு இரட்டிப்பு.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது

மேலே சொன்ன கதைகள் அந்தந்த நாட்டுச் சட்டத்திலிருந்து பிறந்தவை. நம் கதை நம் சட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். அதனால் ஒரு கற்பனை உதாரணம். காட்பாடியில் ரிட்டையர் ஆன பள்ளி டீச்சர் ஒருவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரோடு முப்பது வருடமாக ஒரு தையல்காரம்மா, இளம் வயதிலேயே விதவை ஆனவர், குழந்தை இல்லை. வீடு டீச்சர் பேரில். சீட்டுக் கட்டி மாடி எடுத்தது தையல்காரம்மா.

1. டீச்சர் உயில் எழுதாமல் இறந்தால் என்ன ஆகும்? 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி கணவன், பிள்ளைகள் இல்லாத பெண்ணின் சொத்து அப்பா அம்மாவுக்கு, அவர்களும் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு, அதாவது அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் பிள்ளைகளுக்கு. தையல்காரம்மாவுக்கு அந்த வரிசையில் எந்த இடத்திலும் பெயர் இல்லை.

2. தையல்காரம்மா முதலில் இறந்தால் நிலைமை இன்னும் மோசம். விதவையின் சொந்தச் சம்பாத்தியம், பிள்ளை இல்லாவிட்டால், கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது, அவரைப் பெற்ற அம்மாவுக்கும் முன்னால். முப்பது வருடமாக எட்டிப் பார்க்காத கொழுந்தன் வந்து மெஷினையும் பாஸ்புக்கையும் கேட்கலாம், சட்டம் அவன் பக்கம்.

3. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இஸ்லாமியப் பெண்களுக்கு இன்னொரு வரம்பு. முஸ்லிம் தனிச்சட்டத்தில் வாரிசு அல்லாத ஒருவருக்கு உயிலில் எழுதக்கூடியது பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான், மேலே போனால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். உயில் எழுதிவிட்டால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாதது இதனால்தான்.

4. 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், பால்புதுமையர் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், தடை ஏதும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. நல்லது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் ஆள் மட்டுமே, வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம். நாமினியும் வாரிசும் ஒன்று என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு.

5. ரேஷனுக்கு இவர்களை ஒரே வீட்டாராக நடத்த வேண்டும் என்றும், நெருங்கிய சொந்தம் யாரும் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணை கேட்டுப் பெறலாம் என்றும் அதே சமயத்தில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. 'சொந்தம் இல்லாதபோது' என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். சொந்தம் வந்து நின்றுவிட்டால்?

6. சுயநினைவு இல்லாத நிலை வந்தால் சிகிச்சையை நிறுத்துவதா தொடர்வதா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரத்தை 2018ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். மனநலச் சிகிச்சைக்கு 2017ஆம் வருடச் சட்டப்படி எந்த வயது வந்தவரையும் தன் பிரதிநிதியாக எழுதிவைக்கலாம், ரத்த உறவு தேவை இல்லை. இவை இரண்டும் உண்மையிலேயே உதவும் காகிதங்கள்.

2023 நவம்பரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ள ஒரு குடும்ப இணைவுப் பத்திரம் கொண்டுவரலாம் என்று மாநில அரசுக்கு யோசனை சொன்னார். குடியாத்தம் தொடர்பான அந்த 2025 உத்தரவு அதே பாதையில் இன்னொரு படி. ஆனால் அது இரண்டு பேர் சேர்ந்து இருக்கும் சுதந்திரத்தைக் காக்கிறது, ஒருவர் போன பிறகு மற்றவருக்கு என்ன என்ற கேள்வியைத் தொடவில்லை. ஆட்கொணர்வு மனுவில் அந்தக் கேள்வி வரவும் வராது.

படம் இல்லாததால் என்ன நஷ்டம்?

சினிமாவில் வந்துவிட்டால் சட்டம் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாது. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஆள் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறார். வேலூர் ஆஸ்பத்திரி ஊர். காந்தி ரோடு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகளும் கூட வந்தவர்களும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். இந்த ஊரில் 'பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?' என்ற கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கப்படும் என்று எண்ணவே முடியாது. கேட்கிறவர் கெட்டவர் இல்லை, அவர் மனதில் இருக்கும் பட்டியலில் கணவர், மகன், மகள், அக்கா, தங்கை இருக்கிறார்கள். 'முப்பது வருஷமா ஒண்ணா இருக்கோம்' என்று ஓர் அறுபது வயதுப் பெண் சொன்னால் அவர் காதில் விழுவது 'வேலைக்கு இருக்கிற அம்மா' அல்லது 'பக்கத்து வீட்டு அம்மா'. இளம் ஜோடி என்றால் இப்போது பாதிப் பேருக்காவது புரிகிறது, பிடிக்கிறதோ இல்லையோ என்னவென்று தெரிகிறது. அந்தப் புரிதல் பேப்பரிலிருந்தும் படத்திலிருந்தும் வந்ததுதான்.

இரண்டாவது நஷ்டம் அந்தப் பெண்களுக்கே. நான் முன்பு சொன்ன கவனிப்பின்மை இங்கேதான் திரும்பி வந்து அடிக்கிறது. தெரு பார்க்காததால் நிம்மதியாக வாழ்ந்தவர்கள், தங்கள் உறவுக்குப் பெயர் வைக்க வேண்டிய தேவையே வராமல் வாழ்ந்தவர்கள், உயில் எழுத வக்கீலிடம் போனால் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனாலேயே எழுதாமல் விடுகிறார்கள். தன்னைப் போன்ற இருவரைத் திரையில் ஒரு முறை பார்த்திருந்தால், இது நமக்கும் வரும், இன்றே எழுதி வைக்கலாம் என்று தோன்றியிருக்கும். ஒரு ஹாங்காங் படம் செய்த வேலை அது. அதைத் தமிழில் செய்ய ஒரு படம் இல்லை.

மூன்றாவதாக இளையவர்கள். அந்த 25 வயதுப் பெண்ணை வீட்டார் இழுத்துப் போனபோது அவர்கள் மனதில் ஓடியிருக்கக்கூடிய வாதம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: 'இதெல்லாம் இந்த வயசுக் கோளாறு, வயசானா யார் பாத்துப்பா?' இதற்குப் பதில், வயதாகி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இரண்டு ஆயாக்கள்தான்.

நம்ம ஊரில் எடுத்தால்

நடிக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, மேலே சொன்ன பெயர்களே போதும். வேலூரில் எடுத்தால் எங்கே கேமரா வைக்கலாம் என்று சில யோசனைகள்.

முதலில் அன்றாடம். காலையில் கோட்டைப் பூங்காவில் நடை, ஒருவர் வேகமாக முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பது. மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பு பார்த்துப் பொறுக்குவது, ஏனென்றால் இவருக்குப் பிடிக்காது, அவருக்குப் பிடிக்கும். மத்தியான வெயிலில் ஃபேனுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது, அந்தக் காட்சியை மருத்துவம் போல எடுக்காமல் இருப்பது. சண்டையும் வேண்டும். முப்பது வருடம் சேர்ந்து இருந்தவர்கள் எந்த வார்த்தை எங்கே குத்தும் என்று தெரிந்து சண்டை போடுவார்கள், அது இல்லாமல் எடுத்தால் இருவரும் பூஜை அறைப் படம் போல ஆகிவிடுவார்கள்.

ஃபிளாஷ்பேக்கைக் குறைக்க வேண்டும். இளமையில் எப்படிச் சந்தித்தார்கள் என்று அரை மணி நேரம் காட்டினால் மறுபடியும் இளம் நடிகைகளின் படமாகிவிடும், இன்றைக்கு இருக்கும் காதல் நினைவாகச் சுருங்கிவிடும்.

இறப்பைக் காட்டலாமா என்பது கஷ்டமான கேள்வி. பெண்ணைக் காதலிக்கும் பெண் கடைசியில் செத்துப்போவதைத் திரையில் இவ்வளவு முறை பார்த்தாகிவிட்டது, அது ஒரு தண்டனை மாதிரியே பழகிவிட்டது. வயதானவர்கள் கதையில் இறப்பு தண்டனை இல்லை, வர வேண்டியதுதான். ஆனால் அது படத்தின் முடிவாக இருக்கக் கூடாது, பாதியில் வர வேண்டும். மீதிப் படம் அதற்குப் பிறகு. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் யார் பெயர் எழுதப்படுகிறது, கொள்ளி வைக்க யாரைக் கூப்பிட்டார்கள், பூ எடுக்கிற சடங்கைத் தனக்கு யாரும் செய்யாத அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவள் தானாக அன்றைக்குப் பூ வைக்காமல் இருப்பது, அதை யாரும் கவனிக்காதது.

அண்ணன் மகன் ஒருவன் வருவான், வந்தே தீருவான். அவனைக் கெட்டவனாக எழுதக் கூடாது. சின்ன வயதில் லீவுக்கு இந்த வீட்டில் தங்கியவன், இந்தத் தையல்காரம்மா தைத்துக் கொடுத்த டவுசரைப் போட்டுக்கொண்டு ஓடியவன். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, ஆர்டர் குறைந்து சம்பளம் இழுத்துக்கொண்டு வருகிறது, வீட்டு வாடகை, பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு திண்ணையில் வந்து அவர் பக்கத்தில் உட்காருவான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டான். பிறகு, பிறந்ததிலிருந்து எப்படிக் கூப்பிட்டானோ அப்படியே கூப்பிட்டுக் கேட்பான்: "சின்ன அத்தே, இனிமே நீங்க எங்க போயி இருக்கப் போறீங்க?"